மேல்தொட்டி ஏன் காலியாகிறது?

ஜூன் 10, திங்கள்

பள்ளிகள் திறந்துவிட்டன. ஓய்வு பெற்று ஆறு வருடமான பிறகும் ஜூன் மாதத்தின் இந்த ஒரு நாளில் எழுந்ததும் கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடுகிறது. இந்த வருடம் நானும் பள்ளிக்கூடம் போனேன், பேத்தி ஓவியாவை எல்.கே.ஜி.யில் சேர்க்க. மகன் செழியன் ஷிப்மென்ட் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்தான். மருமகள் மரிசோல் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். ஸ்பெயின்காரி சேலையில் வருவதைப் பார்த்த வாட்ச்மேன் எழுந்து நின்று கும்பிட்டார்.

பிரின்ஸிபால் அம்மா படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். யானை, குடை, வாழைப்பழம். "என்ன கண்ணு இது? சொல்லு பாக்கலாம்." ஓவியா அட்டையைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அட்டையைக் கையில் வாங்கி, பின்பக்கம் என்ன இருக்கிறதென்று திருப்பிப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை.

"வீட்டுல என்ன பாஷை பேசறீங்க?"

"நானும் அப்பாவும் தமிழுங்க மேடம். இவங்க மட்டும் பாப்பாகிட்ட ஸ்பானிஷ் பேசுவாங்க" என்றான் செழியன்.

"அதுதான் விஷயம். மூணரை வயசுக் குழந்தை எதையின்னு பிடிச்சுக்கும்? அந்தப் பாஷையை நிறுத்துங்க. விஜயதசமிக்கு அட்மிஷன் போடுவோம். அன்னிக்குக் கூட்டிட்டு வாங்க. நாலு வார்த்தை வாயத் திறந்து பேசட்டும், சேத்துக்கறேன்."

திரும்பி வரும் வழியெல்லாம் காரில் ஓவியா மரிசோல் மடியில் உட்கார்ந்து ஏதேதோ சத்தம் போட்டுக்கொண்டே வந்தாள். பள்ளிக்கூடத்தில் அதில் கால்வாசி வந்திருந்தால் போதும்.

மாலை மோட்டார் போட்டேன். மேல்தொட்டி ஒரு தடவை நிரம்பினால் இரண்டு நாளைக்குக் கவலையில்லை.

ஜூன் 14, வெள்ளி

குழந்தை டாக்டரிடம் காட்டினோம். காது நன்றாகக் கேட்கிறதாம். "வீட்டில் இரண்டு மொழி இருக்கிறதா, இருக்கட்டும், அதனால் ஒன்றும் ஆகாது, பேசிடுவாங்க" என்றார். டாக்டர் மிகவும் இளம்பெண். முப்பது வயதுகூட இருக்காது. பாவம், எத்தனை குழந்தைகளைப் பார்த்திருப்பார்?

நான் முப்பத்து மூன்று வருடம் அறிவியல் எடுத்தவன்.

ஜூன் 16, ஞாயிறு

மரிசோலிடம் நானே பேசினேன். செழியனைப் பேசச் சொன்னால் அவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறான்.

மரிசோல் நல்ல பெண். குழந்தைத் துணி வாங்கும் ஒரு ஸ்பெயின் கம்பெனிக்குத் தரம் பார்க்கத் திருப்பூர் வந்தவள். துணியில் குறை பார்க்கும் செக்கிங் பெண்களோடு உட்கார்ந்து தமிழ் கற்றுக்கொண்டதால் எல்லாவற்றுக்கும் 'ங்க' போட்டுப் பேசுவாள். தெரு நாயைக்கூட "போங்க, போங்க" என்றுதான் விரட்டுவாள். என்னை 'மாமா' என்பாள். ஓவியா அவளை 'மமா' என்பாள், அவர்கள் ஊரில் அம்மாவுக்கு அப்படித்தானாம். இந்த வீட்டில் யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று என் தங்கை தங்கமணிக்கு இன்றுவரை விளங்கவில்லை.

முதலில் குழந்தைக்குத் தெரிந்த சொற்களை எழுதிப் பார்த்தோம். அப்பாரு (நான்தான்), அப்பா, தண்ணி, மோட்டார், நாய், வேண்டாம் என்று ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை.

"இன்னும் இருக்குங்க மாமா. நெறய இருக்கு" என்றாள் மரிசோல்.

"தமிழ்ல சொல்லும்மா."

"தமிழ்ல இல்லைங்க."

"அப்ப அதைக் கணக்குல எடுத்துக்க முடியாதுல்ல."

பிறகு நான் ஓர் உதாரணம் சொன்னேன். எந்த விஷயத்தையும் உதாரணத்தோடு சொன்னால்தான் மனதில் நிற்கும். "நம்ம வீட்டுல நல்ல தண்ணி இருக்குது, போர் தண்ணி இருக்குது. ரெண்டையும் ஒரே தொட்டியில விட்டா என்னாகும்? குடிக்கவும் ஆகாது, ஒண்ணுக்கும் ஆகாது. குழந்தையும் அப்படித்தான்."

"நம்ம சமையல்கட்டில ரெண்டு குழாய் இருக்குங்களே மாமா. ஓவியாக்குக்கூடத் தெரியும், எதில குடிக்கணும்னு" என்றாள்.

உதாரணத்தை அவள் சரியாகப் பிடிக்கவில்லை. மொழி பழகாதவர்களுக்கு உதாரணம் சொல்வது கஷ்டம்தான்.

"விஜயதசமி வரைக்கும்தான்" என்றேன். "நாலு மாசம். அப்புறம் உன்னிஷ்டம்."

மரிசோல் ஓவியாவின் தலைமுடியில் விரலை விட்டுச் சிக்கெடுத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில், "சரிங்க மாமா" என்றாள்.

ஜூன் 17, திங்கள்

இன்று முதல் வீட்டில் தமிழ் மட்டும். கொசுவலை கிழிந்திருக்கிறது, தைக்கக் கொடுக்க வேண்டும்.

ஜூன் 30, ஞாயிறு

மரிசோல் சொன்ன சொல் தவறாதவள். ஓவியாவிடம் தமிழில்தான் பேசுகிறாள். "சாப்பிடுங்க. உக்காருங்க. தூங்குங்க." தவறில்லாத தமிழ். ஆனால் பஸ்ஸில் கண்டக்டர் பேசுவதுபோல இருக்கிறது. பழகப் பழகச் சரியாகிவிடும். ஓவியா முதல் இரண்டு நாள் சிரித்தாள், அம்மா ஏதோ விளையாட்டுக் காட்டுகிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு அம்மாவின் வாயில் விரலை விட்டு உள்ளே பார்த்தாள்.

தங்கமணி வந்திருந்தாள். காப்பியை வாங்கிக்கொண்டு, "ஏண்ணா, பேத்தி பேசறாளா?" என்றாள்.

"பேசுவா. இப்பத்தான ஆரம்பிச்சிருக்கோம்."

"முன்னால அம்மாக்காரியும் மகளும் காலைல இருந்து கொய்யாங் கொய்யாங்குன்னு வீட்டையே ரெண்டாக்குவாங்க. இப்ப எழவு வீடாட்ட இருக்குது. அவங்க ஊர்ல மௌன விரதம் ஏதாச்சும் இருக்குதா?"

மரிசோல் முறுக்குத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். "எடுத்துக்கோங்க அத்தை" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மரிசோலின் அப்பா விசென்டே வீடியோவில் கூப்பிடுவார். அங்கே தனியாக இருக்கிறார். அவருக்கும் மனைவி இல்லை, என்னைப்போல. ஓவியா அவரை 'யாயோ' என்பாள், தாத்தா என்று அர்த்தமாம். முன்பெல்லாம் பொம்மைகளை ஒவ்வொன்றாக அவருக்குக் காட்டி அரை மணி நேரம் சத்தம் போடுவாள். இன்று மரிசோல் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். குழந்தை தூங்குகிறாள் என்று சொன்னாளாம். நான் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

நேற்று நிரப்பிய மேல்தொட்டி இன்று மாலையே காலி. பாத்திரம் தேய்க்கிற பெண் குழாயைத் திறந்து பார்த்து, "காத்துத்தானுங்க வருது" என்றாள். எங்கேயோ கசிகிறது.

ஜூலை 18, வியாழன்

பிளம்பர் ரங்கனை வரவழைத்தேன். மாடி, சுவர், தோட்டக் குழாய் எல்லாம் பார்த்தான். ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை.

"பைப்பு ஜோரா இருக்குதுங்க வாத்தியாரே. வீட்டுல ஆருக்காச்சும் ஜலக்கிரீடையில பிரியமா?"

"நாங்க நாலே பேருப்பா. அதுல ஒண்ணு இத்துனூண்டு."

"அப்பொ இன்னும் ரெண்டு நாள் பாருங்க. நீங்க பாக்காத நேரத்துல பேய் கீய் எறங்கி வந்து குடிக்குதோ என்னமோ" என்று சிரித்துவிட்டு, வந்ததற்கு என்று வாங்கிக்கொண்டு போனான்.

மரிசோல் ஓவியாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். காலையிலும் குளிப்பாட்டினாள். ஆடி பிறந்தும் வெயில் குறையவில்லை, குழந்தைக்கு வேர்க்குரு வராமல் இருக்க நல்லதுதான்.

ஜூலை 25, வியாழன்

ஓவியாவுக்குப் புதிதாக ஒரு சொல்லும் சேரவில்லை. இருந்த சொற்களிலும் 'மமா' போய்விட்டது. 'அம்மா' என்று சொல்லப் பழக்கினேன், என்னைப் பார்த்து அழகாகச் சொல்கிறாள். ஆனால் மரிசோலை அப்படிக் கூப்பிடுவதில்லை. இப்போது அவளை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பின்னால் போய்த் துப்பட்டாவைப் பிடித்து இழுக்கிறாள்.

ஒரு விதை போட்டால் முதலில் வேர்தான் கீழே போகும், மேலே ஒன்றும் தெரியாது. ஏழாம் வகுப்புக்கு இதைப் பஞ்சில் அவரை வைத்துக் காட்டுவேன். அவசரப்பட்டுத் தோண்டிப் பார்க்கிற பையனின் விதைதான் அழுகும். பொறுக்க வேண்டும்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. ஊரே ஆற்றுக்குப் போகிறது, எங்கள் வீட்டில் கை கழுவத் தண்ணீர் இல்லை. செழியன்கூடச் சிரித்துவிட்டான். மூன்று மணி நேரம் மோட்டார் ஓடியது. போர் இறங்கிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. பக்கத்து வீட்டில் போன மாதம் காற்றுதான் வந்ததாம்.

ஓவியா மறுபடி படுக்கையில் ஒன்றுக்குப் போகிறாள். நிறுத்தி ஒரு வருடம் ஆகியிருந்தது. பல் முளைக்கிற வயதும் இல்லை. சீதோஷ்ணமாக இருக்கும்.

ஆகஸ்ட் 14, புதன்

மரிசோல் வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ் போகிறாள். இன்று அவள் இல்லாதபோது கூடத்தில் இருந்த டேப்லெட் அடித்தது. எடுத்தால் விசென்டே. சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை. முகத்தைக் கிட்டே கொண்டுவந்து, "ஓவியா? ஓவியா?" என்றார்.

எனக்கு அவர் மொழி தெரியாது, அவருக்கு என் மொழி தெரியாது. இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்தேன். தூங்குகிறாள். அவரும் அதேபோலக் கையைக் கன்னத்தில் வைத்துக் காட்டித் தலையாட்டினார். அதற்குள் சமையல்கட்டிலிருந்து "யாயோ!" என்று ஒரு கத்தல். ஓவியா ஓடிவந்தாள், கையில் பிளாஸ்டிக் வாத்து.

லைன் கட்டாகிவிட்டது. எங்கள் பகுதியில் சிக்னல் அவ்வளவு சரியில்லை.

ஓவியா கருப்பாகிப்போன திரையை வெகுநேரம் தட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு மாம்பழம் நறுக்கிக் கொடுத்தேன். சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 21, புதன்

மோட்டார் இன்று இரண்டு தடவை.

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் தினம். பழைய மாணவன் தியாகு பழக்கூடையோடு வந்து காலில் விழுந்தான். "சாரு சொல்ற உதாரணத்துக்காகவே கிளாஸுக்கு வருவோம்" என்று மரிசோலிடம் சொன்னான். அவள் சிரித்தாள், பிறகு ஓவியாவைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போனாள். இன்றைக்கு இரண்டாவது தடவை. குழாய் முழுவேகத்தில் திறந்து கொட்டுகிற சத்தம் கூடம் வரை கேட்டது. தியாகு, "மழைங்களா சார்?" என்று ஜன்னலைப் பார்த்தான்.

அவன் போன பிறகு பொறுமையாகவே சொன்னேன். "குளிப்பாட்டறது தப்பில்லம்மா. பக்கெட்டுல புடிச்சு வெச்சுக்கிட்டு குழாயை மூடிரோணும். தண்ணி நெம்ப செலவாவுதே."

மரிசோலின் முகம் வெளுத்தது. இவ்வளவு சின்ன விஷயத்துக்கு அப்படிப் பயப்பட வேண்டியதில்லை. "சரிங்க மாமா. குறைச்சுக்கறேன்" என்றாள். கண் சிவந்திருந்தது. சோப்பு பட்டிருக்கும்.

செப்டம்பர் 6, வெள்ளி

இன்று ஒரே குளியல், பக்கெட்டில், ஐந்து நிமிடம். மாலை வேளையில் ஓவியா குளியலறைக் கதவுக்கு முன்னால் நின்று உள்ளங்கையால் தட்டித் தட்டி அழுதாள். மரிசோல் அவளைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் நடந்தாள், ஒரு வார்த்தை பேசாமல். குளிப்பதில் இவ்வளவு ஆசையுள்ள குழந்தையை நான் பார்த்ததில்லை.

தொட்டி நிறைய இருக்கிறது.

செப்டம்பர் 12, வியாழன்

தொட்டி மறுபடி காலி. நான் ஒன்றும் கேட்கவில்லை. மோட்டாரைப் போட்டேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

செழியனும் மரிசோலும் மாடியில் பேசிக்கொண்டிருந்தார்கள். காயவைத்த மிளகாயை அள்ளப் போனேன், வேண்டுமென்று போகவில்லை.

"டிசம்பர்ல போறேன். ஓவியாவோட" என்றாள்.

"எத்தனை நாளைக்கு?"

பதில் கேட்கவில்லை. காற்று. பிறகு செழியன், "அப்பாகிட்ட எப்படிச் சொல்றது?" என்றான்.

"மாமா நல்லவர். நான் ஒண்ணும் சொல்லல. ஆனா எனக்கு என் குழந்தைகிட்டப் பேசத் தெரியல செழியன். தமிழ்ல எனக்குக் கோபப்பட வரல. கொஞ்ச வரல. தாலாட்ட வரல. வேலை மட்டும் சொல்ல வருது."

மிளகாயை அள்ளாமலே இறங்கிவிட்டேன். இரவு மழை வந்து எல்லாம் நனைந்துபோனது.

டிசம்பரில் போகிறவர்கள் ஜனவரியில் வருவார்கள். டிக்கெட் என்றால் போக, வர இரண்டும் சேர்த்துத்தான் போடுவார்கள்.

செப்டம்பர் 23, திங்கள்

சரியாகத் தூங்கவில்லை. விஜயதசமிக்கு மூன்று வாரம்கூட இல்லை. அட்டைகள் வரைந்தேன்: யானை, குடை, வாழைப்பழம். ஓவியாவிடம் காட்டினேன். வாழைப்பழ அட்டைக்கு எதிரே வாயை மூடிக்கொண்டு என்னையே பார்த்தாள். அடம் பிடிக்கிற குழந்தையின் பார்வை இல்லை அது. நான் வகுப்பில் பார்த்திருக்கிறேன். விடை தெரிந்தும், சொன்னால் அடி விழுமோ என்று நிற்கிற பிள்ளையின் பார்வை.

எழுதிய பிறகு படித்தால் அதிகப்படியாகத் தோன்றுகிறது. அவளுக்கு யாரும் அடி கொடுத்ததில்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு. காலை ஒன்பது முதல் கரன்ட் இல்லை. நேற்று மோட்டார் போட மறந்துவிட்டேன், மேல்தொட்டியில் எவ்வளவு இருக்கிறதென்று தெரியவில்லை. பத்து மணிக்குமேல் பின்பக்கம் போனேன், மாடிப்படி அந்தப் பக்கம்தான். குளியலறை வென்டிலேட்டரும் அங்கேதான் இருக்கிறது. உள்ளே குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு அடியில் வேறு ஒரு சத்தம் இருப்பதுபோலப் பட்டது. முன்பும் பட்டிருக்கிறது. நான் நின்றதில்லை.

இன்று நான்காவது படியில் ஏறும்போது தண்ணீர் தீர்ந்தது. குழாய் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது.

பேச்சு நிற்கவில்லை.

ஓவியாதான். ஸ்பானிஷில். நிறுத்தாமல், மூச்சு வாங்கி, மறுபடி தொடங்கி, நடுவில் தன்னையே திருத்திக்கொண்டு, பேசிக்கொண்டே போனாள். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் முப்பத்து மூன்று வருடம் பிள்ளைகள் பேசுவதைக் கேட்டவனுக்குச் சொல் வேண்டியதில்லை. ஒரு கேள்வி கேட்டாள். பதில் வரவில்லை. அதே கேள்வியை வேறு மாதிரி மாற்றிக் கேட்டாள். மரிசோல் "ஷ்ஷ்" என்றாள். அதற்கும் ஓவியா ஒரு ஆட்சேபம் சொன்னாள். அது சத்தம் இல்லை. ஜூன் மாதம் காரில் கேட்டதும் சத்தம் இல்லை.

பிறகு அந்த ஓட்டத்தின் நடுவில் 'அப்பாரு' என்று கேட்டது. இன்னும் கொஞ்சம் ஸ்பானிஷ். 'மோட்டார்.' மறுபடி ஸ்பானிஷ். அப்புறம் தொண்டையைச் செருமுகிற சத்தம், நான் செருமுவதைப் போலவே, ஒரு மாற்றுக் குறையாமல். செருமிவிட்டுச் சொன்னாள்: "தண்ணி நெம்ப செலவாவுதே!"

மரிசோல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது கேட்டது. சிரிப்பு பாதியில் நின்றது. தண்ணீர் நின்றிருப்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஓவியாவும் நிறுத்திவிட்டாள். ஒருவருக்கொருவர் சொல்லாமலே இருவரும் நிறுத்தினார்கள். நன்றாகப் பழகிப்போயிருந்தது.

படியில் நின்றேன். தொட்டியை ஏறிப் பார்க்க வேண்டிய தேவை இல்லை. இறங்கிச் சுற்றிவந்து குளியலறைக் கதவுக்கு முன்னால் நின்றேன். ஓர் உதாரணமும் வரவில்லை.

"மரிசோல்."

கதவை ஒரு தடவை தட்டினேன்.

"கரன்ட்டு வந்தவுடனே மோட்டார் போடறேன். குழாயை மூடிரும்மா."

"சரிங்க மாமா." குழாயைத் திருகும் சத்தம். "மன்னிச்சுக்கோங்க மாமா. நான்..."

"குழாயை மூடிட்டே பேசுங்கம்மா. நல்லாக் கேக்கட்டும்."

பிறகு ஓவியா மெதுவாக, கதவுக்கு மிகக் கிட்டே வந்து ஏதோ கேட்டாள். 'அப்பாரு' அதில் இருந்தது. மரிசோல் பதில் சொன்னாள். என்ன சொன்னாளோ. அவள் குரலை நான் மறந்தே போயிருந்தேன். அது இவ்வளவு வேகமாகப் போகிற குரல்.

மூன்று மணிக்குக் கரன்ட் வந்தது.

அக்டோபர் 9, புதன்

செழியன் ஆபீஸ் கிளம்பும்போது சமையல்கட்டில் ஸ்பானிஷ் கேட்டு அப்படியே நின்றுவிட்டான்.

"அப்பா, விஜயதசமிக்கு மூணு நாள்தான் இருக்குது."

"தெரியும்."

"நீங்கதானப்பா நிறுத்தச் சொன்னீங்க?"

"ஆமா. இப்பப் பேசச் சொன்னதும் நாந்தான்."

"ஸ்கூல்ல சேத்துக்கலீன்னா?"

அதுதான் எனக்கும் தெரியவில்லை. பயம் ஜூன் மாதம் எங்கே இருந்ததோ அங்கேயேதான் இருக்கிறது. ஷூவுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டு போடா என்றேன்.

அக்டோபர் 12, சனி

விஜயதசமி. பள்ளிக்கூட வாசலில் வாழைமரம், மாவிலை. அதே அறை, அதே அட்டைகள். பிரின்ஸிபால் அம்மா யானையைக் காட்டினார். ஓவியா யானையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"அந்தப் பாஷையை நிறுத்தினீங்களா?"

மரிசோல் வாய் திறப்பதற்குள் நான் சொன்னேன். "நிறுத்தினோமுங்க. அதனால இருந்த பேச்சும் போச்சு. இப்ப மறுபடி பேசறாங்க. நீங்க தப்பா நினைக்கலீன்னா, அந்த அட்டையை இவங்க அம்மா காட்டட்டும்."

அவர் தோளைக் குலுக்கி அட்டைகளைக் கொடுத்தார். மரிசோல் தரையில் உட்கார்ந்தாள். ஒரு அட்டையை எடுத்து ஸ்பானிஷில் கேட்டாள். ஓவியா சொன்னாள். அடுத்தது. சொன்னாள். குடையைப் பார்த்ததும் நிறுத்தி, அதில் ஏதோ தப்பு இருப்பதாக விரலால் காட்டி நீளமாக விளக்கினாள். மரிசோலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "குடையில கைப்பிடி வரையலியாம். எப்படிப் பிடிப்பாங்கன்னு கேக்கறா" என்றாள்.

பிரின்ஸிபால் அம்மா அட்டையை வாங்கிப் பார்த்தார். கைப்பிடி இல்லைதான். ஆனாலும் தலையை ஆட்டினார். "சந்தோஷம் சார். ஆனா இது எங்க டீச்சருக்குப் புரியோணுமில்ல? நான் எதை வெச்சு மார்க் போடுவேன்? இந்த வருசம் வேண்டாம். ஜூன்ல பாக்கலாம்." கோபமாகச் சொல்லவில்லை. வெளியே இன்னும் பத்துக் குடும்பம் தட்டில் பழத்தோடு காத்திருந்தது.

செழியன் முகம் தொங்கிப்போயிற்று. நான்கு மாதம் அந்தக் குழந்தையின் வாயை அடைத்துவைத்தது இந்த ஒரு நாளுக்காக.

வெளியே குழாயடியில் ஆயா டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். ஓவியா என் விரலை விட்டுவிட்டு அவளிடம் போனாள். வரிசையாக இருந்த குழாய்களைப் பார்த்தாள், ஆயாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, இது நல்ல தண்ணிங்களா? உப்புத் தண்ணிங்களா?"

"இது நல்ல தண்ணி சாமி. குடி" என்று ஆயா டம்ளரை நிரப்பிக் கொடுத்தாள். அவளுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. ஒரு குழந்தை கேட்டது, அவள் பதில் சொன்னாள்.

செழியன் என் கையைப் பிடித்தான். "அப்பா, உள்ள போய்ச் சொல்லலாமா? பேசறான்னு?"

மரிசோல் என்னைப் பார்த்தாள்.

ஓவியா நின்ற இடத்திலேயே தண்ணீரைக் குடித்து முடித்து டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள். "வேண்டாம்" என்றேன். "ஜூன்ல வரலாம்."

அக்டோபர் 20, ஞாயிறு

விசென்டே கூப்பிட்டார். கூடத்தில், எல்லோருக்கும் நடுவில். ஓவியா வாத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு பொம்மையாகக் காட்டினாள். பிறகு என்னை இழுத்து நிறுத்தி என்னையும் காட்டினாள், என்னைப் பற்றி ஏதோ நீளமாகச் சொன்னாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குத் தெரியும், அது செருமலும் தண்ணீர்ச் செலவும்தான்.

சிரித்து முடித்ததும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையைக் கன்னத்தில் வைத்து, தலையைச் சாய்த்து, புருவத்தை உயர்த்தினார். இனி தூக்கம் இல்லையே என்கிறார். நான் கையை எடுத்துக் கும்பிட்டேன். அவரும் பார்த்துப் பார்த்து அதேபோலக் கும்பிட்டார்.

டிசம்பர் பதினாறாம் தேதிக்கு டிக்கெட் போட்டுவிட்டார்கள். ஓவியாவுக்கு ஸ்வெட்டர் இரண்டு எடுக்க வேண்டும். திரும்பி வரும் தேதி என்ன என்று நான் கேட்கவில்லை. மரிசோல் காப்பி கொண்டுவந்து வைத்தபோது கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தேன். "சக்கரை சரியா இருக்குங்களா மாமா?" என்றாள். சரியாக இருக்கிறது என்றேன்.

மாலை மாடிக்கு ஏறி மூடியைத் திறந்து பார்த்தேன். வெள்ளிக்கிழமை போட்ட மோட்டார். தொட்டியில் இன்னும் முக்காலுக்குத் தண்ணீர் இருக்கிறது. கீழே குளியலறையில் இருவரும் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். வென்டிலேட்டர் திறந்துதான் இருந்தது.